உட்கார்ந்த ராஜாவும் நின்ற ராஜாவும்

மகாபலிபுரத்தில் கைடு என்றால் வெயிலில் நிற்கிறவன் என்று இருந்த காலத்தில், ஐந்து ரதத்துக்கு எதிரே நாலு சவுக்குக் கழி நட்டு முதல் கொட்டகை போட்டவன் நான். கடல் காற்றில் அது மூன்று தடவை பறந்தது. நாலாவது தடவை போட்டதுதான் வளர்ந்து, இன்றைக்கு நீங்கள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து போன் பார்க்கிற கட்டடமாக நிற்கிறது. கைடுகளுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று முதலில் வாயைத் திறந்தவனும் நான்தான். சிரித்தார்கள். சிரித்தவர்களே அப்புறம் மெம்பர் ஆனார்கள். இங்கிலீஷ், ஹிந்தி, தெலுங்கு, மலையாளம், நாலையும் புஸ்தகம் தொடாமல் காதாலேயே பிடித்தேன். பிரெஞ்சில் "படி வழுக்கும், பார்த்து வாங்க" என்கிற வரைக்கும் தெரியும். நம் தொழிலுக்கு அது போதும். வெறும் மணலில் ஓலை வீடு போட்டு, அதை ஓட்டு வீடாக்கி, ஓட்டை மாடியாக்கி, ரெண்டு பெண்ணைக் காலேஜுக்கு அனுப்பினேன். மூணாம் கிளாஸைத் தாண்டாதவன் இதெல்லாம் எங்கே செய்திருப்பான் என்கிறவர்கள் தாராளமாக வந்து மாடி ஏறிப் பார்க்கலாம். காபி தருவேன்.

கிழவன் பீற்றிக்கொள்கிறான் என்று பின் வரிசையில் முணுமுணுப்பது தெரிகிறது. பீற்றத்தான் செய்வேன், உழைத்தது நான். ஆனால் தம்பிகளே, தங்கச்சிகளே, புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நான் எழுத உட்கார்ந்தது என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி இல்லை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. அந்தத் தப்பு ஒரே காலையில் என்னை மூன்று பக்கமும் சுற்றி வளைத்தது. அதிலிருந்து நான் வெளியே வந்த விதத்தில் உங்களுக்கு எடுத்துக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது.

எழுபதுகளின் நடுவில் இருக்கும். எனக்கு இருபத்தைந்து வயசு. அதுக்கு முன்னால் சங்கு மாலை விற்றுக்கொண்டிருந்தேன். மற்ற கைடுகள் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு, ஒரு நாள் மாலைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு நானும் பேச ஆரம்பித்தேன். கூட்டம் நின்றது. ஏன் நின்றது என்று அப்போது எனக்கு ஒரு கணக்கு இருந்தது. வருகிறவர்களுக்கு அவங்க ஊர் வழக்கத்தையே ராஜா தலையில் கட்டிச் சொன்னால் முகம் மலரும்.

இதை விளக்க வேண்டும். ஆதிவராக மண்டபம் உங்களுக்குத் தெரியும். உள்ளே ஒரு பக்கச் சுவரில் ஒரு ராஜா உட்கார்ந்திருக்கிறார், ரெண்டு பக்கமும் ராணிகள். எதிர்ச் சுவரில் ஒரு ராஜா நிற்கிறார், அவரோடும் ரெண்டு ராணிகள்; ஒரு கையால் ஒரு ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சாமி பக்கம் காட்டுகிறார். அங்கே போய் நின்றதும் எந்த ஊர்க்காரனும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இவருக்கு அவர் என்ன உறவு? இவருக்கு அப்புறம் பட்டம் யாருக்குப் போச்சு?" சிம்மாசனம் யாருக்கு என்பதில் மனுஷனுக்கு இருக்கிற ஆசை, சிற்பத்தைப் பார்ப்பதில்கூட இல்லை.

வெள்ளைக்காரர்கள் கேட்டால், "ஃபாதர், எல்டஸ்ட் சன்" என்பேன். அவர்கள் ஊரில் அப்படித்தானே. செட்டிநாட்டுக் குடும்பம் வந்தால், "பிள்ளை இல்லாத ராஜா, சுவீகாரம் எடுத்த பிள்ளை" என்பேன். பெரிய ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொள்வார். வடநாட்டு வியாபாரிகள் என்றால் அண்ணன் தம்பி, ராஜ்யத்தைப் பாகம் பிரித்தார்கள். மெட்ராஸ் காலேஜ் பெண்கள் வந்தபோது, ராஜா கையைப் பிடித்திருக்கிற அந்த ராணிதான் ரெண்டு வருஷம் ஆண்டாள் என்று போட்டேன், கைதட்டல் அடங்கவே இல்லை. கேரளத்துக்காரர்கள் வந்தால் உட்கார்ந்திருக்கிறவர் மாமன், நிற்கிறவர் தங்கச்சி மகன். மாமன் சொத்து மருமகனுக்கு. அவர்கள் ஊர் மருமக்கள் வழி.

என் கூட்டாளி பாஸ்கர் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தவன். ஒரு நாள் கேட்டான், "இன்னா குப்பா, காலைல அண்ணன் தம்பியா இருந்தாங்க, மத்தியானம் மாமன் மருமவனா ஆய்ட்டாங்க? சாயங்காலம் இன்னா, சம்பந்தி ஆய்டுவாங்களா?"

"போடா மச்சான், ராஜாவே கம்முனு கீறாரு, உனக்கு இன்னா பேஜாரு?" என்றேன். அவ்வளவு தைரியம்.

எனக்கு எச்சரிக்கை வராமல் இல்லை. கல்லில் ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டி, மேலே மசி ஒற்றிப் பழைய எழுத்தைப் படி எடுக்க ஒருத்தர் வந்திருந்தார். ஒல்லி ஆள், கை இரண்டும் எப்போதும் கறுப்பு. நான் சுவீகாரக் கதையை முடித்துக் கூட்டத்தை அனுப்புகிற வரைக்கும் ஒரு மூலையில் காத்திருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நல்லா பேசறே. இதெல்லாம் எங்கே எழுதியிருக்கு?"

"அதான் சார், மேல எழுத்து கீதே."

என்னைப் பக்கத்தில் நிறுத்தி, அந்தக் கறுப்பு விரலை ஒவ்வொரு எழுத்துக்குக் கீழேயும் வைத்துப் படித்துக் காட்டினார். உட்கார்ந்தவர் தலைக்கு மேலே ஒரு பேர். நின்றவர் தலைக்கு மேலே ஒரு பேர். அவ்வளவுதான்.

"இதுல அப்பன்னு இருக்கா? மகன்னு இருக்கா?"

"இல்ல சார்."

"கல்லு எங்கே நிறுத்துதோ அங்கே நீயும் ஒரு மூச்சு நிறுத்து. அதுக்கு மேலே படிச்சவங்க சொல்றது தனி, ஊர் சொல்றது தனி. எல்லாத்தையும் ஒரே குண்டான்ல போட்டுக் கிண்டாதே" என்றார். அப்புறம், சிம்மாசனத்துக்கு ஆள் தேடின கதை நிஜமாகவே கல்லில் வேண்டும் என்றால் காஞ்சிபுரம் போய் வைகுண்டப் பெருமாள் கோயில் பிராகாரத்தைச் சுற்றிப் பார் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு வழியாக பஸ் மாறிப் போனேன். பார்த்தேன். அசந்துபோனேன். அங்கே வேலையாக இருந்த ஒருத்தர் ஒவ்வொரு சிற்பமாக விளக்கிச் சொன்னார். திரும்பி வந்து மறுநாள் பழையபடி மாமன் மருமகன் கதையையே சொன்னேன். கைதட்டல் கிடைக்கிற இடத்தைவிட்டு யார் நகருவான்?

அந்தச் சமயத்தில்தான் உத்தரவு வந்தது. இனி கைடுகளுக்கு பேட்ஜ் உண்டு. பேட்ஜ் இல்லாதவன் மண்டபத்துக்குள் கூட்டம் சேர்த்துப் பேசக் கூடாது. மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வருவார், ஒவ்வொருத்தனோடும் ஒரு சுற்று நடப்பார், கேட்பார், பிடித்தால் கொடுப்பார்.

எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகி நாலு மாசம். மாமனாருக்குக் கருங்குழியில் சைக்கிள் கடை. "மாப்ள கெவுருமெண்டு கைடு" என்று கடைக்குப் பஞ்சர் ஒட்ட வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தார். கெவுருமெண்டு என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பேட்ஜ் வராவிட்டால் மறுபடியும் சங்கு மாலைக் கூடைதான். கூடையோடு நான் நிற்பதை மாமனார் ஒரு நாள் பார்த்தால் என் கதி என்ன என்று யோசித்து ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே புதன்கிழமை, பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் வந்தார். வெள்ளைப் புடவை, கையில் குடை, நூறு பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிற முகம். வழக்கப்படி மாமன் மருமகன் கதையைச் சொன்னேன். அந்த அம்மா என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மோனே, இது எங்க நாட்டு வழக்கமல்லவா! இத்தனை பெரிய ராஜாவும் பெங்ஙள் மகனுக்கு, தங்கச்சி மகனுக்குத்தான் கொடுத்தாரா?"

"பின்ன, டீச்சரம்மா? ரூலே அதானே."

ரூல் என்ற அந்த ஒரு சொல். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் அதிகாரி அம்மா வந்தார். கண்ணாடி, கையில் அட்டை, பேசுவது குறைவு. பாஸ்கரோடு கடற்கரைக் கோயிலைச் சுற்றினார். இன்னொருத்தனோடு அர்ஜுனன் தபசு. மூன்றாவது நான். என்னைப் பார்த்து, "ஆதிவராக மண்டபம் போகலாமா? அங்கேதான் கைடுங்க கதை விடறாங்கன்னு கேள்வி" என்றார். அந்தக் கதை விடுகிறவன் நானேதான். இருந்தாலும் சமாளிக்கலாம். அப்பா, மகன் என்று சொன்னால் படித்தவர்கள் தலையாட்டுவார்கள் என்று பாஸ்கர் சொல்லியிருந்தான். அதையே அடித்துவிடுவது என்று தீர்மானம்.

மண்டபத்து வாசலுக்கு வந்தால், குடை நிற்கிறது.

டீச்சரம்மாதான். பக்கத்தில் அவருக்கு அண்ணன், வழுக்கைத் தலை, கோபமான மீசை. கொஞ்சம் தள்ளி ஒரு வாலிபன், எங்காவது ஓடிவிடலாமா என்கிற முகத்தோடு.

"மோனே! உனக்காகத்தான் காத்திருக்கேன். இது என் சேட்டன். இது என் மகன் சசி. சேட்டன் வீட்டைத் தன் சொந்தப் பிள்ளைகளுக்கு எழுதப் போறாராம். சட்டம் மாறுதாம், காலம் மாறுதாம்! மருமகனுக்கு ஒண்ணும் இல்லையாம். நீ அன்னைக்குச் சொன்னது போலவே சொல்லு. ராஜாவின் ரூல் எதுன்னு இவர் காது கொண்டு கேக்கட்டும். மெட்ராஸ்ல இருக்கிற இவரை ரெண்டு நாளா சண்டை போட்டு இங்கே கூட்டிட்டு வந்திருக்கேன்."

அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதானா அந்த வக்கீல்?"

அதிகாரி அம்மா அட்டையைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். "நல்லது. இவங்களுக்கே சொல்லுங்க, நானும் கேக்கறேன்."

தம்பிகளே, அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உள்ளே போய் அந்த ரெண்டு ராஜாவுக்கு நடுவில் நான் நின்றது ஒரு நிமிஷம் இருக்கும். எனக்கு ஒரு பருவம் போலிருந்தது. மாமன் மருமகன் என்றால் அதிகாரி அம்மா அட்டையை மூடிவிடுவார், பேட்ஜ் போச்சு. அதோடு ஒரு மனுஷன் தன் வீட்டை என் பொய்யைக் கேட்டுக் கைமாற்ற வேண்டி வரும். அப்பா மகன் என்றால் டீச்சரம்மா அங்கேயே, அதிகாரி முன்னாலேயே, "புதன்கிழமை வேற சொன்னியே" என்று பிடித்துக்கொள்வார். அப்பவும் பேட்ஜ் போச்சு. வயிற்றுவலி என்று உட்கார்ந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். வாசலில் பாஸ்கர் நின்று, சொல்லுடா சொல்லுடா என்று கண்ணாலேயே தள்ளினான். எதைச் சொல்ல, அதை அவன் சொல்லவில்லை.

இக்கட்டில் மாட்டினவன் இன்னொரு பொய்யைத் தேடுவான். நானும் தேடினேன். கிடைக்கவில்லை, அதுதான் உண்மை. ரெண்டு பக்கமும் அடைபட்டுப்போன பிறகு, எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது என்ன என்று மட்டும் பார்த்தேன். கறுப்பு விரல் காட்டின ரெண்டு பேர்.

"டீச்சரம்மா, மன்னிச்சிக்கோங்க" என்றேன். "அன்னிக்கி நான் சொன்னது இந்தக் கல்லுல இல்ல. உங்க ஊர் வழக்கத்தைச் சொன்னா சந்தோஷப்படுவீங்கன்னு நானா சொன்னது. இதோ, இவரு தலைக்கு மேல ஒரு பேர் கீது, அவரு தலைக்கு மேல ஒரு பேர் கீது. எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது, படிச்சவர் ஒருத்தர் விரல் வச்சிக் காட்டினாரு. உறவு எழுதலை. அப்பா மகன்னு படிச்சவங்க சொல்றாங்க. வேற மாதிரி சொல்றவங்களும் உண்டாம். இதுக்கு மேல சொன்னா அது என் வாய் சொல்றது."

டீச்சரம்மா குடையை அண்ணனிடம் கொடுத்தார். நிதானமாக நடந்து வந்தார். வந்து என் காதைப் பிடித்துத் திருகினார். கல்யாணம் ஆனவன், அதிகாரி முன்னால், ரெண்டு ராஜாவும் நாலு ராணியும் பார்க்க. "பொய் பறஞ்ஞியல்லே! பொய் பறஞ்ஞியல்லே!"

"ஆமா டீச்சரம்மா, ஆமா, ஆமா."

அண்ணன் மீசை விரிய விரியச் சிரித்தார். "வக்கீல் கேஸைத் தோத்தாச்சு. வா, போகலாம்."

அப்போது அதிகாரி அம்மா குறுக்கே கேட்டார். "இருங்க. இது கல்லுல இல்லேன்னா, சிம்மாசனம் யாருக்குங்கறது எந்தக் கல்லுலயாவது இருக்கா? உங்களுக்குத் தெரிஞ்சு?"

காது எரிய எரியச் சொன்னேன். "இருக்குது மேடம். காஞ்சீவரத்துல. மகன் இருந்த வரைக்கும் மகன் மகனாத்தான் பட்டம் வந்துச்சாம். ஒரு ராஜா செத்தாரு, பின்னால உக்கார ஆள் இல்ல. மந்திரிங்க, ஊர்ப் பெரியவங்க, படிச்சவங்க எல்லாரும் ஒண்ணாக் கெளம்பினாங்க. காடு மலை தாண்டி, அதே வம்சத்துல வேற கிளையில ஒருத்தர் வாசல்ல போய் நின்னாங்க. உங்க பிள்ளைங்கள்ல ஒருத்தரைக் குடுங்கன்னாங்க. அவரு கையைப் புடிச்சி இந்தா இவன்னு தள்ளிவுடலை மேடம். ஒவ்வொரு புள்ளையாக் கூப்புட்டு, நீ போறியான்னு கேட்டாரு. பெரியவனுங்க மூணு பேரும் நான் போகலைன்னுட்டானுங்க. கடைசிப் புள்ளைக்குப் பன்னெண்டு வயசு. அவன் முன்னால வந்து, நான் போறேன்னான். அப்பனுக்கே பயம், சின்னப் பையனாச்சேன்னு. அப்புறம் அனுப்பிச்சாரு. அவன் ஆண்டான், ரொம்ப வருஷம். படம் படமாச் செதுக்கி வச்சிருக்குது, எழுத்தும் கீது. இது கல்லு சொல்றது. நான் சொல்றது இல்ல."

வாசல் வரைக்கும் போயிருந்த அண்ணன் திரும்பி வந்தார். "கேட்டாங்களா? அந்தப் பையனையா?"

"கேட்டுத்தான் சார்."

அவர் தங்கச்சி மகனைப் பார்த்தார். "எடா சசி. உன் அம்மா ஒரு வருஷமா என் உயிரை எடுக்கறா. நானும் தரமாட்டேன்னு கத்திட்டிருக்கேன். உன்கிட்ட யாரும் கேக்கலையே. உனக்கு அந்த வீடு வேணுமா?"

சசி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வேண்டாம் அம்மாவா." மாமனை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "எனக்கு பம்பாயில வேலை கிடைச்சிருச்சு. அடுத்த மாசம் சேரணும். அம்மாகிட்ட சொல்ல பயம்."

"எடா!" என்று டீச்சரம்மா போட்ட சத்தத்தில் உள்ளே வராகருக்குப் பூஜை செய்துகொண்டிருந்த பட்டாச்சாரியார் விளக்கோடு ஓடி வந்துவிட்டார். என்ன ஆச்சு என்று அவர் கேட்க, "ஒண்ணும் இல்ல சாமி, இளவரசர் பட்டம் வேணாங்கறாரு" என்று வாசலிலிருந்து பாஸ்கர் சொல்ல, அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கினது எனக்குத் தெரிந்தது. டீச்சரம்மாவுக்கும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது அண்ணன் குடையை அவருக்குப் பிடித்துக்கொண்டே போனார். சசி திரும்பி என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

மற்ற கைடுகளோடும் நடந்து முடித்த பிறகு, மத்தியானத்துக்கு மேல் எனக்கு விசாரணை.

"நேத்து வரைக்கும் எத்தனை விதமா சொன்னீங்க?"

"நாலு மேடம். காலேஜ் பொண்ணுங்களுக்குச் சொன்னதைச் சேத்தா அஞ்சு."

"எவ்வளவு படிச்சிருக்கீங்க?"

"மூணாங் கிளாஸ்."

"பாஸா, ஃபெயிலா?"

"தெரியாது மேடம். பரீட்சைக்கு முந்தி இஸ்கூல் கூரை காத்துல பூடுச்சு."

எழுதினார். ரொம்ப நேரம் எழுதினார். பிறகு சொன்னார், "இன்னிக்கு ஒம்பது பேரோட நடந்தேன். எனக்குத் தெரியாதுன்னு ஒரு இடத்துலகூட ஒருத்தரும் சொல்லல. நீங்க ஒருத்தர்தான். கல்லு சொல்றது இது, படிச்சவங்க சொல்றது இது, என் வாய் சொல்றது இதுன்னு பிரிச்சீங்களே, அதை மத்தவங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு அன்றைக்கே கருங்குழிக்கு பஸ் ஏறினேன். மாமனார் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன் பாரு" என்று பஞ்சர் ஒட்ட வந்தவரிடம் சொன்னார்.

உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது என்னவென்றால், தெரியாது என்று சொன்னால் கூட்டம் கலைந்துவிடும் என்று நான் அதுவரைக்கும் பயந்ததெல்லாம் வீண். கலையவே இல்லை. இன்னும் கிட்டே வந்தார்கள். இந்த இடத்தோடு கல் நின்றுவிடுகிறது என்று சொல்லிப் பாருங்கள், அவனவன் கழுத்தை நீட்டிக் கல்லைப் பார்ப்பான். அதுக்கு முன்னால் உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். இப்போது சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வருகிற பிள்ளைகள் கையில் போனை வைத்துக்கொண்டே கேட்கிறார்கள், அதனால் பொய் குறைந்துவிட்டது என்கிறீர்கள். குறையவில்லை. போன வாரம் உங்களில் ஒருத்தர் வெண்ணெய் உருண்டைப் பாறை அடியில் நின்று கதை விட்டதை நான் டீ குடித்துக்கொண்டே கேட்டேன். பேர் சொல்ல மாட்டேன். என் காது வாங்கின திருகல் உங்களுக்கு வராமல் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. இப்போது சங்கத்தில் புதுசாகச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கிற கையேடு எனக்கும் வந்தது. என் பேத்தி படித்துக் காட்டினாள். முதல் பக்கத்திலேயே, "கல் சொல்வது, கற்றவர் சொல்வது, ஊர் சொல்வது, நாம் சொல்வது ஆகியவற்றைப் பிரித்துக் கூறுதல் இவ்வூர் வழிகாட்டிகளிடையே மரபாக வந்த நெறியாகும்" என்று அச்சடித்திருக்கிறார்கள். மரபாக வந்ததாம். பல்லவன் கொடுத்துவிட்டுப் போனானா? முதலில் வாயால் சொன்னவர் மசி அடிக்க வந்த அந்த மனுஷன். அவர் பேரைக் கேட்காமல் விட்டது என் தப்பு. அதை அப்படியே போடுங்கள்: பேர் கேட்கத் தவறிவிட்டோம் என்று. அதற்குக் கீழே என் பேரைப் போட வேண்டும். எ. குப்பன், மூணாம் வகுப்பு என்று முழுசாக. அடுத்த அச்சில் வரவில்லை என்றால் சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து கேட்பேன். மரபு எதுவும் அன்றைக்கு அந்த ரெண்டு ராஜாவுக்கு நடுவில் வேர்த்து ஊத்தி நிற்கவில்லை. நான்தான் நின்றேன்.